மூன்று நாள் கெடு

காரைக்காலில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் காலத்திலேயே அந்தக் குடும்பம் தன் சாதி வழக்கங்களைத் துறந்து பிரஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித் துறந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தது: தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். வாத்தியாரின் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. பாதி தமிழ், பாதி பிரஞ்சு. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சென்ற மார்கழியில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு நாவலுக்காகப் பழைய பிரஞ்சிந்தியாவின் சங்கதிகளைத் திரட்டிக்கொண்டிருந்த சமயம். அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். அது அவர் தகப்பனாரின் பிறப்புப் பத்திரம். வருஷம் 1908. இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்னார் எம் முன் ஆஜராகி, ஒரு குழந்தையை எமக்குக் காட்டி, அது இன்ன நாள் பிறந்தது என்றும், அது ஆண் என்றும், அதற்கு இன்ன பெயர் இட்டிருப்பதாகவும் தெரிவித்தார். கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து.

"பார்த்தீர்களா, தம்பி? எவ்வளவு சுளுவாக முடிந்துவிட்டது!" என்றார் வாத்தியார். பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டே, "என் பேத்திக்கு ஆறு மாதம். இன்னும் யாராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை" என்றார்.

பேத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லச் சட்டத் தடை இல்லை. பத்தாவது வாரத்தில் அவளுடைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஆண் என்றது சோதனை. இருபதாவது வாரத்தில் ஸ்கான் எடுத்தார்கள். பெண் என்றது படம். மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் ஆண். குடும்பத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை. "நீங்கள் கதை எழுதுகிறவர், நாலு புத்தகம் படிக்கிறவர். இரண்டு இயந்திரத்தில் எது பொய் சொல்கிறது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் படித்ததன் பலன் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பிறப்புப் பத்திரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சை மராட்டிய ராஜாவிடமிருந்து காரைக்கால் பிரஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். நடுவில் ஆங்கிலேயர் பல முறை பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு நிலைமை ஒருவாறு அடங்கியது. 1819இல் பிரான்சின் சட்டங்கள் இங்கேயும் செல்லும் என்று அறிவித்தார்கள். இந்தியர்களின் சாதி வழக்கங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அந்தச் சட்டங்களில் தலையாயது 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டம். பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் சர்க்கார் ஏட்டில் எப்படி எழுத வேண்டும் என்று வகுத்துச் சொன்ன சட்டம் அது.

அதில் 55வது பிரிவு, குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும் என்றது. 57வது பிரிவு, ஏட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது: நாள், மணி, இடம், ஆணா பெண்ணா, பெயர். மூன்று நாள் கெடு. இரண்டே சொல், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். காரைக்காலின் மேரி கட்டடத்து மேஜையிலும் இதே மாதிரியில்தான் ஏடுகள் நிரம்பின. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் மாறிற்று. பிரஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களில் வாத்தியாரின் தகப்பனாரும் ஒருவர்.

சரி, மூன்று நாளில் எழுதியது தப்பாக இருந்துவிட்டால்? பிரான்சிலேயே அப்படி ஒரு வியாஜ்யம் நடந்திருக்கிறது.

1838இல் ஸேன்-ழான்-தாஞ்செலி என்ற சிற்றூரில் ஒரு குழந்தை பிறந்தது. பெண் என்று பதிவாயிற்று. எர்க்யுலின் பார்பேன் என்பது பெயர். கன்னிமாடத்தில் வளர்ந்து, பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினியாக ஆனார். உடலில் மற்றப் பெண்களுக்கு உள்ளது போல் இல்லை என்பது வயது ஏற ஏறத் தெரிந்தது. வயிற்று வலி வந்து டாக்டர் பார்த்தார். பாவமன்னிப்புக் கேட்கப் போனபோது பாதிரியார் கேட்டார். கடைசியில் விஷயம் பிஷப்பிடம் போயிற்று. ஷெனே என்ற டாக்டர் பரீட்சித்து, இவர் ஆண் என்று எழுதினார். 1860 ஜூனில் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. பழைய ஏட்டை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில், பெண் என்பதை ஆண் என்று திருத்திக் குறிப்பு எழுதினார்கள். பெயரும் ஆபெல் என்று மாறியது.

ஏடு திருந்திவிட்டது. வாழ்க்கை திருந்தவில்லை. பள்ளிக்கூட வேலை போயிற்று; நேசித்த தோழியைப் பிரிய நேர்ந்தது. ஊர் வாய்க்குப் பயந்து பாரிசுக்குப் போய், வேலைக்கு அலைந்து, 1868இல் ஓர் அறையில் தனியாக உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 29. பக்கத்தில் தம் கதையைத் தாமே எழுதிய கையெழுத்துப் பிரதி கிடந்தது. அதில் ஒரு பகுதியைத் தார்டியே என்ற டாக்டர் தம் வைத்திய நூலில் சேர்த்து வெளியிட்டார். நூறு வருஷம் கழித்து, 1978இல், மிஷேல் பூக்கோ என்ற அறிஞர் அதைத் தேடி எடுத்துத் தனிப் புத்தகமாக்கினார். மேரி கட்டடத்துக் குமாஸ்தா முதல் தடவை பொய் எழுதவில்லை; கண்ணால் கண்டதை எழுதினார். டாக்டர் ஷெனேயும் பொய் எழுதவில்லை. அவர் பார்த்தது வேறு. ஒருவர் வெளியைப் பார்த்தார். ஒருவர் உள்ளே தேடினார்.

இனி நம் வாத்தியாரின் கேள்விக்கு வரலாம். கரு ஆணா பெண்ணா என்று அறிந்துகொள்ளும் ஆசை இயந்திரங்களுக்கு முந்தியது. வயிறு கூர்ந்திருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண் என்பாள் ஒரு பாட்டி. எழுந்திருக்கும்போது வலது கையை ஊன்றினால் ஆண் என்பாள் இன்னொரு பாட்டி. இருவர் சொல்வதும் பாதிக்குப் பாதி பலித்துவிடும். அதற்கு மேல் ஞானம் வேண்டியிராது.

1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் மாவுப் புழுக்களை வைத்து ஆராய்ந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களில் இருக்கிறது என்று கண்டார். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். 1949இல் கனடாவில் மரே பார் என்பவர் பூனையின் நரம்பணுக்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்கையில், பெண் பூனைகளுடைய அணுக்களில் மட்டும் ஒரு கரும்புள்ளி இருப்பதைக் கண்டார். 1956இல் கோபன்ஹேகனில் ஃபுக்ஸ், ரீஸ் என்ற இருவர் கர்ப்பப்பையின் நீரை ஊசியால் எடுத்து, அதில் மிதக்கும் அணுக்களில் அந்தப் புள்ளியைத் தேடி, கரு ஆணா பெண்ணா என்று சொன்னார்கள். 1958இல் கிளாஸ்கோவில் ஐயன் டொனால்டு என்ற டாக்டர், கப்பல் கட்டும் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பயன்பட்ட ஒலிக்கருவியின் தத்துவத்தைக் கொண்டு கர்ப்பப்பைக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். நம் ஊர் ஸ்கான் மிஷின்கள் எல்லாம் அதன் பேரன் பேத்திகள். 1997இல் டென்னிஸ் லோ என்பவரும் அவரது கூட்டாளிகளும் தாயின் ரத்தத்திலேயே கருவின் மரபுத் துணுக்குகள் மிதக்கின்றன என்று காட்டினார்கள். 2011இலிருந்து அது சந்தைக்கு வந்தது. பத்தாவது வாரத்தில் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

ஆக, ரத்தச் சோதனை தேடுவது ஒய் குரோமோசோமின் துணுக்கை. ஸ்கான் தேடுவது உடலின் உருவத்தை. இரண்டுக்கும் நாம் வைத்திருப்பது "ஆணா, பெண்ணா?" என்ற ஒரே கேள்வி. அதனால் இரண்டும் ஒன்றையே பார்க்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம்.

பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால், காரணம் மிகச் சாதாரணமாக இருக்கக்கூடும். குழாயின் மேல் ஒட்டிய சீட்டு மாறியிருக்கலாம். ஸ்கான் சீக்கிரமே எடுக்கப்பட்டிருக்கலாம். முதல் ஆறு ஏழு வாரம் ஆண் கருவும் பெண் கருவும் பார்வைக்கு ஒன்றுதான். அதற்குப் பின் உருவம் பிரிந்து, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியச் சில வாரம் பிடிக்கும். தொப்புள் கொடி கால்களுக்கு நடுவே கிடந்து ஏமாற்றவும் கூடும்.

இன்னொரு காரணத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். ஆரம்பத்தில் இரட்டைக் கருவாக இருந்து, ஒன்று யாருக்கும் தெரியாமல் கரைந்து போயிருக்கலாம். போனது ஆண்; இருப்பது பெண். போனவனின் துணுக்குகள் இன்னும் தாயின் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தாய்க்கு முன்பு ஓர் ஆணின் சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்தாலும் அதே கதைதான். மேலும், அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சிலிருந்து வருகின்றன. குழந்தையிடமிருந்து நேரே வருவதில்லை. அபூர்வமாக நஞ்சுக்கு ஒரு கணக்கும் குழந்தைக்கு ஒரு கணக்கும் இருப்பதுண்டு.

இவை எதுவும் இல்லாமல், ரத்தமும் சரி, படமும் சரி என்று இருப்பதும் உண்டு. 1953இல் ஜான் மாரிஸ் என்ற அமெரிக்க டாக்டர் இப்படிப்பட்ட பலரின் விவரங்களைச் சேர்த்து எழுதினார். குரோமோசோம் எக்ஸ் ஒய், உள்ளே விதைகள், அவை ஆண் சுரப்பைச் சுரக்கவும் செய்கின்றன. ஆனால் உடல் அந்தச் சுரப்பின் பேச்சைக் கேட்பதில்லை. பிறப்பது, பார்வைக்குக் குறைவில்லாத பெண் குழந்தை. பதினாறு பதினேழு வயதாகியும் பெண் பெரியவளாகவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் தெரியவரும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. இரண்டு எக்ஸ் கொண்ட பெண் கருவுக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தப்பாக வேலை செய்தால், வெளி உருவம் ஆணைப் போல அமைந்துவிடும். இது மட்டும் அவசரமான சங்கதி. சில குழந்தைகளுக்கு உடலில் உப்பு குறைந்து, பிறந்த சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். மருந்து கொடுத்தால் பிழைக்கும். 1990இல் லண்டன் விஞ்ஞானிகள் ஒய் குரோமோசோமில் ஆண் உருவத்தைத் தொடங்கிவைக்கும் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அந்தத் துளி இடம் மாறி எக்ஸில் ஒட்டிக்கொண்டால் ஒய் இல்லாமலே ஆண் பிறப்பான். அது பழுதாகிவிட்டால் ஒய் இருந்தும் பெண் பிறப்பாள்.

வாத்தியார் எழுப்பிய கேள்விக்கு விடை இதுதான்: இரண்டு இயந்திரத்தில் ஒன்று பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மேரி குமாஸ்தாவும் டாக்டர் ஷெனேயும் போல, தனித்தனியே மெய் சொல்லக்கூடும். குரோமோசோம் ஒன்று, உள்ளுறுப்பு ஒன்று, வெளி உருவம் ஒன்று, தன்னைத் தான் யாரென்று உணர்வது ஒன்று. இந்த நாலும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள் என்று நாம் எண்ணியிருந்தோம். எப்போதாவது ஒரு மாடு வேறு திசையில் திரும்பும்போதுதான் அவை தனித்தனி மாடுகள் என்று தெரிகிறது.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் கர்ப்ப காலத்தில் பெற்றோர் காதுக்கு வருவதில்லை. வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் வரலாறு பெருமைப்படத் தக்கதல்ல. கர்ப்பப்பை நீரைச் சோதிக்கும் முறை 1970களில் இங்கே வந்தது, பரம்பரை நோய்களைக் கண்டுபிடிப்பதற்காக. வந்ததும் அது பெண் கருவைக் கண்டுபிடித்துக் கலைக்கும் கருவியாயிற்று. பிறகு ஸ்கானும் சேர்ந்துகொண்டது. 1988இல் மகாராஷ்டிரம் முதலில் தடை போட்டது. 1994இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றி, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். முதல் குற்றத்துக்கு மூன்று வருஷம் வரை சிறை. ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள்; 2001இல் 927. தமிழ்நாடு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்ததையும் நாம் மறக்க முடியாது. "ஆணா, பெண்ணா?" என்ற கேள்விக்கு விடை தெரிந்த மாத்திரத்தில் நாம் என்ன செய்தோம் என்பதை அந்தக் கணக்குகள் சொல்லும்.

எனவே இங்கே விஷயம் வெளிப்படுவது பிரசவ அறையில். பார்த்த மாத்திரத்தில் ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல முடியாத குழந்தை, சுமார் 4,500 பிரசவங்களுக்கு ஒன்று என்கிறார்கள் டாக்டர்கள். வெளியே பாட்டி காத்திருக்கிறாள். சர்க்கரை டப்பாவுடன் மாமா காத்திருக்கிறார். குழந்தைக்குப் பசியைத் தவிர வேறு அவசரம் கிடையாது. அவசரம் எல்லாம் பெரியவர்களுக்கு. அந்த அவசரத்தில், உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லாத குழந்தையின் உடலை இரண்டு சொற்களில் ஒன்றுக்குப் பொருந்துமாறு கத்தியால் திருத்திவிடுவது உலகமெங்கும் வழக்கமாக இருந்தது. வளர்ந்த பிறகு, திருத்தியது தப்பான பக்கம் என்று தெரிந்தால், வெட்டியதை ஒட்ட முடியாது.

அப்படி வெட்டாமல் விட்டாலும் உலகம் சும்மா விடுவதில்லை. 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டைச் சீமையின் சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வறுமையில் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர் அவர். ஒரே நாளில் நாடு முழுவதும் அவர் உடலைப் பற்றிப் பேசிற்று. எர்க்யுலினுக்கு ஊர் வாய். சாந்திக்குத் தேசத்தின் வாய்.

2019 ஏப்ரல் 22ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். அந்த வழக்கும் ஏட்டில் தொடங்கியதுதான். தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தை, மணமகள் திருநங்கை என்பதால் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். பதிவு செய்தே ஆக வேண்டும் என்றார் நீதிபதி. அத்தோடு நிற்காமல், இடைப்பாலாகப் பிறக்கும் சிசுக்களுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, பாலைத் திருத்தும் அறுவை கூடாது என்று உத்தரவு போடும்படி தமிழ்நாடு சர்க்காருக்குக் கட்டளையிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. இந்தியாவில் இதுவே முதல்.

அரசாணை தமிழ்நாட்டினுடையது. காரைக்காலோ புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. நண்டலாற்றைத் தாண்டினால் ஒரு சர்க்கார், தாண்டாவிட்டால் ஒரு சர்க்கார். உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் ஒன்றே. கள்ளுக்கும் பெட்ரோலுக்கும் எல்லை பார்த்துப் பழகிய ஊர் அது. குழந்தைக்கும் எல்லை பார்க்காமல் இருக்க வேண்டுமே என்பது என் கவலை.

மூன்று நாள் கெடு வைத்த அந்தப் பிரஞ்சுச் சட்டம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். 2017 மே மாதம், ஏட்டில் தம்மை ஆண் என்றும் எழுத வேண்டாம், பெண் என்றும் எழுத வேண்டாம் என்று ஒருவர் கேட்டதற்கு, பாரிசின் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. ஆனால் 2021 ஆகஸ்டு 2ஆம் தேதிச் சட்டம் 57வது பிரிவிலேயே ஒரு சிறு இடைவெளி விட்டது: டாக்டர்களால் நிச்சயிக்க முடியாத குழந்தைக்கு, அரசு வழக்கறிஞரின் அனுமதியுடன், அந்தக் கட்டத்தை மூன்று மாதம் வரை வெறுமையாக விடலாம். மூன்று நாள் மூன்று மாதமாவதற்கு இருநூற்றுப் பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது.

நம் சட்டத்தில் குழந்தையின் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பதினைந்து வருஷம் வரை இடம் தருகிறார்கள். பெயருக்குப் பொறுக்கிற ஏடு பாலுக்கும் கொஞ்சம் பொறுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

இதை எழுதும்போது தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் இந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். ஆண்மை திரிந்தவரைச் சொல்ல மொழியில் தனி விகுதி இல்லை. இருக்கிற ஆண்பால் பெண்பால் விகுதியையே அவர்களுக்கும் வழங்க வேண்டும் என்கிறார். அத்தனை காலத்துக்கு முன்பே அப்படிப்பட்ட மனிதர்களை மக்கள் என்ற உயர்திணையில் வைத்துவிட்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவர்களுக்கென்று ஒரு விகுதி இல்லையே என்பதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் பேச்சுத் தமிழ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் யாரும் "குழந்தை பிறந்தான்" என்றோ "பிறந்தாள்" என்றோ சொல்வதில்லை. "குழந்தை பிறந்தது" என்கிறோம். சிரித்தது, அழுதது, தவழ்ந்தது என்று எத்தனையோ நாள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மொழிக்கு அவசரம் இல்லை.

வைகாசியில் ஒரு நாள் காலையில் வாத்தியாரிடமிருந்து டெலிபோன் வந்தது. குரலில் தூக்கக் கலக்கமும் சந்தோஷமும் கலந்திருந்தன.

"தம்பி, குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். டாக்டர்கள் இன்னும் ஏதோ பார்க்க வேண்டும் என்கிறார்கள். பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன்."

"பெயர்?" என்று கேட்டேன்.

"அதற்கென்ன அவசரம்? நன்றாகப் பால் குடிக்கிறதாம்" என்றார்.